பூட்டும் டிஃபரன்ஷியலுக்கு எந்தக் கியர் ஆயில்?

வளைவில் திரும்பும் காரின் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1.5 மீட்டர் என்றால், ஒரு முழு வட்டம் சுற்றி வரும்போது, அந்த வட்டம் எவ்வளவு சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தாலும், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 9.4 மீட்டர் அதிகம் உருண்டிருக்கும். இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுத்துக்கொண்டே எஞ்சினின் முறுக்குவிசையை இரு பக்கமும் பகிர்ந்தளிக்கும் பல்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். நல்ல சாலையில் இந்த ஏற்பாட்டில் குறை காண முடியாது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றிலோ மணலிலோ பிடிப்பை இழந்துவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான விசையையே தரும் என்பதால், சுழலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் அற்ப விசைதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த நிலையில் இரு பக்க அச்சுத் தண்டுகளையும் ஒன்றாக இணைத்து ஒரே வேகத்தில் சுழலச் செய்யும் அமைப்பே பூட்டும் டிஃபரன்ஷியல். டிஃப் லாக் என்றும் லாக்கர் என்றும் வழங்குவது இதுவே. இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களில் மஹிந்திரா தாரின் பின்அச்சில் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையும், ஃபோர்ஸ் கூர்க்காவின் முன், பின் அச்சுகள் இரண்டிலும் ஓட்டுநர் தாமே பூட்டும் வகையும், டொயோட்டா ஹைலக்ஸின் பின்அச்சில் மின்சாரத்தால் பூட்டும் வகையும் இருக்கின்றன.

இத்தகைய அச்சுக்குக் கியர் ஆயில் வாங்கச் செல்பவர் கடையில் பெரும்பாலும் கேட்பது “90 ஆயில்” அல்லது “140 ஆயில்” என்பதையே. அந்த எண் ஆயிலின் தடிப்பை மட்டுமே சொல்கிறது. டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் ஒரே ஆயிலில் நனைந்தபடி இரண்டு வெவ்வேறு பொறிகள் வேலை செய்கின்றன என்பதை நினைவில் கொண்டால் தேர்வு எளிதாகும். ஒன்று, எஞ்சினின் விசையைச் செங்கோணமாகத் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்பும் கிரவுன்–பினியன் ஜோடி. மற்றொன்று, அதனுள்ளே அமர்ந்திருக்கும் பூட்டு. ஆயிலின் தரவகுப்பையும் தடிப்பையும் நிர்ணயிப்பது முதலாவது; அந்த ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் தனி மருந்து சேர்க்கலாமா, கூடாதா என்பதை நிர்ணயிப்பது இரண்டாவது. வாகன உரிமையாளர்களும் பல பணிமனைகளும் தடுமாறுவது இந்த இரண்டாம் கேள்வியிலேயே என்பதால் இவ்வத்தியாயமும் அதற்கே கூடுதல் இடம் ஒதுக்குகிறது.

கிரவுன்–பினியன் கேட்பது

இன்றைய கார்களின் பின்அச்சில் உள்ள கிரவுன்–பினியன் பெரும்பாலும் ஹைபாய்டு வகையைச் சேர்ந்தது. இதில் பினியன் எனும் சிறு பல்சக்கரத்தின் அச்சு, கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தின் மையத்தை நேராகச் சந்திக்காமல் சற்றுக் கீழே விலகி அமைந்திருக்கும். 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தன் கார்களில் இதைக் கொண்டுவந்தபோது கிடைத்த பயன், ப்ரொப்பெல்லர் தண்டைத் தாழ்த்தி அதன்வழி காரின் உயரத்தையும் தாழ்த்த முடிந்தது என்பது. அதற்குக் கொடுத்த விலை, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் தம் நீளவாக்கில் வழுக்கியும் செல்கின்றன என்பது. பெரும் அழுத்தமும் வழுக்கலும் ஒருங்கே சேரும் இடத்தில் ஆயிலின் மென்படலம் பிழிந்து வெளியேற்றப்பட்டு, இரும்பு இரும்பைத் தொட்டு, கணநேர வெப்பத்தில் பற்களின் மேற்பரப்பு ஒட்டிக் கிழிபடும்.

இதைத் தடுக்கவே ஹைபாய்டு ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மிகுஅழுத்தச் சேர்க்கைப் பொருள்கள் இடம்பெறுகின்றன. பற்கள் உரசி வெப்பம் எழும் நுண்ணிய இடங்களில் இவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய படிவத்தை உண்டாக்குகின்றன. அடுத்த உரசலில் தேய்வது அந்தப் படிவமே, பல் அன்று. தேய்ந்த இடத்தில் மீண்டும் படிவம் வளர்கிறது. திறந்த புட்டியிலிருந்து எழும் அந்தக் காரமான நெடி இந்தக் கந்தகத்தினுடையது.

இச்சேர்க்கைப் பொருளின் வலிமையை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த ஜி.எல். வரிசை குறிக்கிறது. அதில் கார் உரிமையாளருக்கு இன்று பொருட்படுபவை ஜி.எல்-4, ஜி.எல்-5 ஆகிய இரண்டே. ஜி.எல்-4 மிதமான சுமைக்கும் கியர்பெட்டிக்கும் உரியது, ஜி.எல்-5 கடும் அழுத்தமும் அதிர்வுச் சுமையும் தாங்கும் ஹைபாய்டு அச்சுக்கு உரியது. பொதுவாக இதிலுள்ள மிகுஅழுத்தப் பொருள் முன்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே பூட்டு எந்த வகையாயினும் ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்-5 என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அதிக எண் எல்லா இடத்துக்கும் மேலானது என்று கருதி மிச்சமான ஜி.எல்-5 ஆயிலை ஜி.எல்-4 கேட்கும் கியர்பெட்டியில் ஊற்றுவதும் பிழையே. அங்கே கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையங்கள் பல வண்டிகளில் பித்தளையால் ஆனவை. மிகுதியான கந்தகச் சேர்மம் செம்புக் கலப்புள்ள உலோகத்தை நாளடைவில் அரிக்கும், மிகுதியான வழுக்கல் அந்த வளையங்கள் பிடித்து நிற்பதையும் கெடுக்கும்.

ஜி.எல்-5 எனும் முத்திரையைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஆயிலுக்கு ஏ.பி.ஐ. உரிமம் வழங்கி வட்டமுத்திரை தருவதுபோலக் கியர் ஆயிலுக்குத் தருவதில்லை. புட்டியில் அச்சிட்டிருப்பது தயாரிப்பாளர் தாமே செய்துகொள்ளும் அறிவிப்பு. அதைவிடக் கண்டிப்பான சான்று வேண்டுவோர் எஸ்.ஏ.இ. ஜே2360 எனும் குறியைத் தேடலாம். அமெரிக்க இராணுவத்தின் கியர் ஆயில் விதிகளிலிருந்து வளர்ந்த இந்தத் தரத்துக்கு ஜி.எல்-5 சோதனைகளுக்கு மேலும் சில சோதனைகள் உண்டு. தனிக் குழு ஒன்று சோதனை முடிவுகளைப் பார்த்துத் தகுதியான ஆயில்களைப் பட்டியலிடுகிறது. அறிமுகமில்லாத பெயரில் மலிவாக விற்கும் ஜி.எல்-5 ஆயிலைச் சுமை இழுக்கும் வண்டியின் அச்சில் சோதித்துப் பார்ப்பது சிக்கனமாகாது.

பூட்டு கேட்பது

இப்போது இரண்டாம் பொறிக்கு வரலாம். பூட்டும் டிஃபரன்ஷியலோடு அடிக்கடி சேர்த்துக் குழப்பப்படுவது, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலான எல்.எஸ்.டி. இதன் பழைய, பரவலான வடிவத்தில் இரு பக்கமும் கிளட்ச் தகடுகள் அடுக்கப்பட்டு, சுருள்வில்லால் எந்நேரமும் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழல முயன்றால் தகடுகளின் உராய்வு அதைத் தடுத்து, விசையில் ஒரு பங்கை மறுபக்கம் தள்ளும். சாதாரண வளைவில்கூட இத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். அங்கேதான் ஆயிலின் குணம் குறுக்கிடுகிறது. அசையாது நிற்கும் இரு பரப்புகளை நகர்த்தத் தேவையான உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும்போது உள்ள உராய்வைவிட அதிகமாக இருந்தால், தகடுகள் பிடிப்பதும் விடுவதுமாக மாறிமாறி அதிரும். எண்ணெய் காணாத கதவுக் கீல் விட்டுவிட்டு முனகுவதும் இதே காரணத்தால்தான். வண்டியை மெதுவாக முழுத் திருப்பத்தில் ஓட்டும்போது பின்புறத்திலிருந்து வரும் நடுக்கமும் முனகலும் இதன் அடையாளம்.

இதற்கு மருந்தாகச் சேர்க்கப்படுவது உராய்வு மாற்றி. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான இப்பொருள் தகட்டின்மேல் படிந்து, நிற்கும்போதைய உராய்வை நகரும்போதைய உராய்வின் அளவுக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுகிறது. தகடுகள் அதிராமல் சீராக வழுக்குகின்றன. இது தனிச் சிறு புட்டியாகவும் கிடைக்கும். அமெரிக்கச் சந்தையில் விற்கும் வழக்கமான புட்டி ஏறத்தாழ 118 மில்லிலிட்டர் கொண்டது. ஆயிலிலேயே முன்கூட்டிக் கலந்தும் வரும். அத்தகைய புட்டிகளில் லிமிட்டெட் ஸ்லிப் என்றோ எல்.எஸ். என்றோ அச்சிட்டிருக்கும். காஸ்ட்ரால் சின்ட்ராக்ஸ் லிமிட்டெட் ஸ்லிப் 75டபிள்யூ-140 இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

கிளட்ச் தகடு கொண்ட எல்.எஸ்.டி.க்கு இன்றியமையாத இந்த மருந்து, உண்மையான பூட்டுகள் பெரும்பாலானவற்றுக்குத் தேவையற்றது. சிலவற்றுக்குக் கெடுதலும் செய்வது. “லாக் இருக்கிற வண்டி, அதனால் எல்.எஸ். ஆயிலே ஊற்றிவிடலாம்” என்ற முடிவு நல்லெண்ணத்தில் பிறந்தாலும் தவறானது என்பதற்குத் தாரின் பின்அச்சே சான்று.

தாரில் பொருத்தப்படுவது ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரப் பூட்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த அமைப்பு 1973 முதல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வாகனங்களில் ஜி80 என்ற குறியீட்டில் வழங்கி வருகிறது. இதனுள்ளே எடைக்குண்டுகள் கொண்ட ஒரு சிறு கவர்னர் உண்டு. இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றுகளைத் தாண்டினால் எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டுகின்றன. மாட்டியதும் சரிவுப்பரப்புடைய கேம் தகடு ஒன்று தடைப்பட்டு, தன் சரிவில் ஏறி, பக்கத்திலுள்ள கிளட்ச் அடுக்கை இறுக்கத் தொடங்குகிறது. கிளட்ச் பிடிக்கப் பிடிக்கக் கேம் மேலும் ஏற, மேலும் இறுக்க, கணப்பொழுதில் இரு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. தாரின் 18 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.5 மீட்டர் என்பதால், நிமிடத்துக்கு 100 சுற்று என்பது மணிக்கு 15 கிலோமீட்டர் வேக வேறுபாடு; சாதாரண வளைவில் இந்த அளவு எழ வாய்ப்பில்லை. வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டரைக் கடந்துவிட்டால் பூட்டு மாட்டாதபடி இன்னொரு எடைத்தாழ் தடுத்துவிடுகிறது.

இந்த அமைப்பிலும் கிளட்ச் தகடுகள் இருக்கின்றனவே, அப்படியானால் உராய்வு மாற்றி வேண்டாமா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. எல்.எஸ்.டி.யின் தகடுகள் வளைவுதோறும் வழுக்குவதற்காக இருப்பவை. இங்கேயோ தகடுகள் கவர்னர் அழைத்த கணத்தில் பிடித்தாக வேண்டியவை. முதல் பிடிப்பிலிருந்து எழும் உராய்வே கேமை ஏற்றும் விசை. அந்த உராய்வை ஒரு மருந்து ஊற்றி இறக்கினால், பூட்டு தாமதமாக மாட்டும், அல்லது மாட்டாமலே தகடுகள் வழுக்கி வெந்து தேயும். இதனாலேயே ஜி80 அச்சுகளில் எல்.எஸ். சேர்க்கையைக் கலக்க வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்குச் சொல்லி வருகிறது. பூட்டு மாட்டும்போது பின்புறத்திலிருந்து வரும் “டக்” என்ற ஓசையும் சிறு அதிர்வும் இவ்வகையின் இயல்பு. அந்த ஓசையைக் குறைக்க ஆயிலில் எதையேனும் சேர்க்க முயல்வது பூட்டையே குறைப்பதாகும்.

ஓட்டுநர் தாமே பூட்டும் வகைகளில் கேள்வி இன்னும் எளிது. கூர்க்காவின் லீவர், ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் விற்கும் காற்றழுத்த லாக்கர், டொயோட்டாவின் மின்பூட்டு ஆகியவை விசையைக் கொண்டுசெல்லும் வழியில் வேறுபட்டாலும், முடிவில் பல்லையோ பற்களுள்ள வளையத்தையோ நகர்த்தி இரு பக்கத்தையும் கோத்துவிடுகின்றன. கோத்தபின் அங்கே வழுக்கலும் இல்லை, உராய்வை நம்பியிருக்கும் பொருளும் இல்லை. ஆகவே வாகனத் தயாரிப்பாளர் சொல்லும் தடிப்பில் சாதாரண ஜி.எல்-5 போதும். காற்று லாக்கரில் மட்டும் ஆயிலோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை உண்டு: காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் ஆயிலில் நனைந்தே இருப்பவை, அவை சிதைந்தால் காற்று கூட்டுக்குள் புகுந்து பிரீதர் எனும் மூச்சுத்துளை வழியே ஆயிலைத் தள்ளும், அல்லது ஆயில் காற்றுக் குழாயில் ஏறிச் சோலினாய்டு வால்வில் கசியும். இந்த அறிகுறி தெரிந்தால் கழற்றிப் பார்க்க வேண்டியது வளையத்தை. ஆயிலின் தடிப்பை மாற்றிச் சரிசெய்ய முயல்வது வீண்.

வளைவில் கடகடவென்று ஒலிக்கும் டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கிப் பல்கிளட்ச் வகை, வெளிச்சக்கரத்தை விடுவித்து மீண்டும் கோப்பதால் அந்த ஒலியை எழுப்புகிறது. ஒலியை மந்தமாக்க 85டபிள்யூ-140 ஊற்றுவோர் உண்டு. வெப்பமான ஊரில் அது தீங்கில்லை, ஆனால் உராய்வு மாற்றிக்கு அங்கேயும் வேலையில்லை. டார்சன், ஈட்டன் ட்ரூட்ராக் போன்ற திருகுப்பல் வகைகள் பூட்டு அல்ல, எல்.எஸ்.டி.யின் மற்றொரு கிளை. அவை தகடின்றிப் பல்சக்கரங்கள் கூட்டின் சுவரோடு உரசும் உராய்வாலேயே விசையைப் பகிர்கின்றன. அந்த உராய்வைக் கெடுத்தால் அவற்றின் பயனே குறைந்துபோகும் என்பதால், ட்ரூட்ராக்குக்கு உராய்வு மாற்றி வேண்டாம் என்றும் கனிம ஜி.எல்-5 ஆயிலே ஏற்றது என்றும் அதன் தயாரிப்பாளர் அறிவுறுத்துகிறார்.

எந்த வகை பொருத்தப்பட்டிருக்கிறது என்பது தெரியாமல் ஆயில் வாங்குவது கூடாது. பழைய வண்டியை வாங்கியவருக்கு இந்த ஐயம் எழுவது சகஜம். உரிமையாளர் கையேடு, அச்சுக் கூட்டின்மேல் ஒட்டிய தகடு, ஃபில்லர் பிளக்கின் அருகே எழுதிய எச்சரிக்கை ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. வண்டி விற்பனைக்கு வந்தபின் வெளியே வாங்கிப் பொருத்திய லாக்கராயின், தடிப்புக்கு அச்சைச் செய்தவர் சொல்வதையும், உராய்வு மாற்றிக்கும் அடிப்படை எண்ணெயின் வகைக்கும் லாக்கரைச் செய்தவர் சொல்வதையும் பின்பற்றுவதே முறை.

டிராக்டர் வைத்திருக்கும் வேளாண் குடும்பங்களுக்காக இடையில் ஒரு குறிப்பு: டிராக்டரிலும் காலால் மிதித்துப் பூட்டும் டிஃப் லாக் உண்டு என்பதால் அதே ஆயிலை ஜீப்பிலும் ஊற்றலாம் என்ற எண்ணம் தோன்றக்கூடும். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், பிரேக் எல்லாம் ஒரே தொட்டியைப் பகிர்கின்றன; அந்த ஆயில் பிரேக் முனகாதிருக்க உராய்வு மாற்றி கலந்தது, மிகுஅழுத்தத் திறனில் ஏறத்தாழ ஜி.எல்-4 மட்டத்தது. காரின் ஹைபாய்டு அச்சுக்கு அது இரு வகையிலும் பொருந்தாது.

தடிப்பு

ஆயில் எவ்வளவு எளிதில் பாய்கிறது, எவ்வளவு தயங்குகிறது என்பதைக் குறிக்கும் பண்பே பாகுநிலை. எஸ்.ஏ.இ. ஜே306 எனும் விதி இதை இரு முனைகளில் அளக்கிறது. 80டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எதுவரை உறையாது பாயும் என்பதையும், பின்னெண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் தடிப்பையும் சொல்லும். குளிர்முனையில் 75டபிள்யூ ஆயில் கழித்தல் 40 டிகிரி வரையும், 80டபிள்யூ கழித்தல் 26 வரையும், 85டபிள்யூ கழித்தல் 12 வரையும் வேலை செய்யும் தகுதியுடையவை. வெப்பமுனையில் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரையும், 110 என்பது அதற்கு மேல் 24 வரையும், 140 என்பது 24 முதல் 32.5 வரையும் விரியும். 110 எனும் வகுப்பு 2005-இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் 90 என்பதே 24 வரை நீண்டிருந்ததால், பழைய கையேட்டின் 90 இன்றைய 90-ஐவிடத் தடித்ததாக இருந்திருக்கலாம். இருபது மணி நேரம் அரைத்துச் சோதித்தபின்னும் ஆயில் தன் வகுப்பின் கீழ்வரம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் இதே விதியின் நிபந்தனை.

எனவே தமிழ்நாட்டின் சமவெளியிலும் நீலகிரியிலும் ஓடும் வண்டிக்கு முதல் எண் 75-ஆ, 80-ஆ, 85-ஆ என்பது பெரும் வேறுபாட்டைத் தராது. உதகையின் உறைபனிக் காலைகூட 85டபிள்யூ-வின் எல்லையைத் தொடாது. அதே வண்டி குளிர்காலத்தில் லடாக் செல்லுமானால் நிலைமை மாறும். அங்கே இரவில் கழித்தல் 12-க்கும் கீழே இறங்கும் குளிரில் 85டபிள்யூ-140 குழம்பாக இறுகி, காலையில் முதல் சில கிலோமீட்டர்களுக்குப் பினியனின் பேரிங்கை எட்டாமல் கூட்டின் அடியிலேயே தங்கிவிடும். ஈட்டன் வகைப் பூட்டுக்கும் இது பொருந்தும். கவர்னரின் எடைகள் விரிவதும் தகடுகள் ஆயிலைப் பிழிந்து வெளியேற்றிப் பிடிப்பதும் ஆயில் இறுகிய நிலையில் தாமதப்படும்.

தடித்த ஆயில் பல்லை நன்றாகக் காக்கும் என்ற நம்பிக்கை பழைய லாரிப் பணிமனைகளிலிருந்து வந்தது. கனத்த சுமையும் தாழ்ந்த வேகமும் கொண்ட அந்த அச்சுகளுக்கு அது பொருந்தியது. காரின் அச்சிலோ வேகமாகச் சுழலும் கிரவுன் சக்கரம் தடித்த ஆயிலைக் கடைந்து கடைந்து வெப்பத்தையே கூட்டும், எரிபொருளும் வீணாகும். எரிபொருள் சிக்கனத்துக்காகச் சில நவீன அச்சுகள் 75டபிள்யூ-85 வரை மெலிந்த ஆயிலையே கேட்கின்றன. அவற்றின் பேரிங்குகளும் பற்களும் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டவை. தொடர்ந்து டிரெய்லர் இழுப்பது, கோடையில் பாலைமணலில் மணிக்கணக்காக ஓட்டுவது போன்ற கடும் பணிக்கு ஒரு படி தடித்த ஆயிலைக் கையேடே அனுமதித்தால் மட்டும் மாறலாம்.

சிந்தெடிக் எனப்படும் செயற்கை அடிப்படை எண்ணெய் குளிரில் எளிதாகப் பாயும், வெப்பத்தில் மெதுவாகவே கெடும்; விலை அதிகம். லாக்கர் தயாரிப்பாளர் கனிம எண்ணெய்தான் என்று குறிப்பிட்டிருந்தால், இந்தச் சிறப்புகளைக் காட்டி அதை மீறுவதில் பொருளில்லை.

மாற்றும் முறை

பழைய ஆயிலை வடிப்பதற்கு முன்னரே ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ட்ரெயின் பிளக்கைத் திறந்து எல்லாம் வடிந்த பிறகு ஃபில்லர் பிளக் துருவேறி அசைய மறுத்தால், ஆயிலற்ற அச்சோடு வண்டி நின்றுவிடும். சற்று ஓட்டி வந்து ஆயில் வெதுவெதுப்பாக இருக்கையில், சமதளத்தில் நிறுத்தி வடிப்பது நல்லது. காந்தம் பதித்த பிளக்கில் சாம்பல்நிறக் குழைவு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் துணுக்கோ, பல்லின் ஓரம் உடைந்த துண்டோ கிடந்தால் புது ஆயிலை ஊற்றி மூடுவதற்கு முன் கூட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பாலேடு கலந்ததுபோல் வெளிறிய ஆயில் நீர் புகுந்ததைக் காட்டும்.

ஆற்றையோ வெள்ளம் தேங்கிய சாலையையோ கடக்கும் வண்டிகளில் நீர் புகுவதன் காரணம் எளிய இயற்பியல். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ, அது அடைத்திருந்தால் ஆயில் சீல்களின் வழியாகவோ வெளியிலுள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். ஜீப்புக்காரர்கள் பிரீதர் குழாயை எஞ்சின் அறை வரை உயர்த்திக் கட்டுவது இதனாலேயே. நீர் கலந்த ஆயிலில் மிகுஅழுத்தப் பொருள் சிதைவதோடு, ஈட்டன் வகையின் கவர்னரும் கொக்கியும் துருவேறும் அபாயமும் உண்டு. மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

புது ஆயிலை ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பு வரை, அது மெல்ல வழியத் தொடங்கும் அளவுக்கு மட்டும் நிரப்ப வேண்டும். கையேடு வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே முடிவு. கூடுதலாக ஊற்றினால் நுரைத்துச் சூடேறி, அச்சின் முனைச் சீல்களைத் தாண்டிப் பிரேக் ட்ரம்முக்குள் கசிந்து பிரேக்கைக் கெடுக்கும். முன்அச்சு, பின்அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய மூன்றும் தனித்தனிக் கூடுகள் என்பதையும், டிரான்ஸ்ஃபர் கேஸ் பல வண்டிகளில் முற்றிலும் வேறு ஆயில் கேட்கும் என்பதையும் மறக்கலாகாது. புதிதாகக் கிரவுன்–பினியன் மாற்றிய அச்சில், முதல் நாள் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டி முழுவதும் ஆறவிட்டு, பின்னர் ஏறத்தாழ 800 கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிடுவது வழக்கம். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத்தூள் அந்த ஆயிலோடு வெளியேறிவிடும்.

கிளட்ச் தகடு கொண்ட எல்.எஸ்.டி.யாக இருந்தால் மட்டும் மாற்றியபின் இன்னொரு வேலை உண்டு: காலியான மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாகச் சில சுற்றுகள் ஓட்டினால், உராய்வு மாற்றி தகடுகளுக்கிடையே புகுந்துவிடும். அதன்பின்னும் நடுக்கம் நின்றிராவிட்டால், தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல் மருந்தைச் சிறிது சேர்க்கலாம். தாரிலும் கூர்க்காவிலும் இந்தச் சடங்கு வேண்டியதில்லை.

தவறுதலாக எல்.எஸ். ஆயில் ஊற்றப்பட்ட ஈட்டன் வகை அச்சில், வடித்துவிட்டுச் சரியான ஆயிலை நிரப்புவது முதற்படி. தகடுகளில் ஊறிய மருந்து ஒரே மாற்றத்தில் முழுதும் போகாது என்பதால், பூட்டு இன்னும் தயங்கினால் குறுகிய ஓட்டத்துக்குப் பின் இரண்டாம் முறையும் மாற்ற வேண்டியிருக்கும். வடித்த ஆயில் இந்தியச் சட்டப்படி அபாயகரமான கழிவு வகையைச் சேர்ந்தது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.